சுற்றுச்சூழல் படித்தால் வேலை கிடைக்குமா? பெருந்துறை அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. பிளஸ் டூ வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் மகள் சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள். அரசாங்கம் இத்தனை திட்டம் அறிவிக்கிறதே, அதில் வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் குறைவு.

2021-இல் தமிழக அரசு சுற்றுச்சூழல், வனத் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றத்தையும் சேர்த்தது. அப்புறம் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என்று வரிசையாக வந்தன. அவற்றை நடத்தத் தனி நிறுவனமே தொடங்கினார்கள். மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை பார்க்கும் முதல்வரின் பசுமை ஃபெல்லோஷிப்பும் உண்டு. நல்ல வாய்ப்புதான், ஆனால் இடங்கள் கொஞ்சம், நிரந்தரமும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிரந்தரப் பணிக்கோ ஆண்டுதோறும் அறிவிப்பு வராது. அதை மட்டும் நம்பி நாலு வருஷம் படிக்க வைக்காதீர்கள்.

அதே அரசு போடும் கட்டுப்பாடு தனியாரிடம் எவ்வளவு வேலையை உண்டாக்குகிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, விவசாயிகள் வழக்குப் போட்ட பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாது என்று காட்டியவர்கள்தான் மறுபடி திறக்க முடிந்தது. இன்று அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி வரிசையும் ஆவியாக்கிகளும் இரவும் பகலும் ஓடுகின்றன. தண்ணீர் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது, உப்பைக்கூட மீட்டெடுக்கிறார்கள். இதையெல்லாம் வடிவமைக்க, ஓட்ட, அளந்து வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்கப் படித்த ஆள் வேண்டும். பெருந்துறை சிப்காட், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் என எங்கும் இதே தேவைதான்.

வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்கு இப்போதே தெரியட்டும். பூட்ஸ் போட்டு, தொட்டி ஓரத்தில் நின்று, பாட்டிலில் மாதிரி எடுக்க வேண்டும். பி.ஓ.டி. பார்க்க, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்க, அதை 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். ஆற்றில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி.க்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் பொது வரம்பு. அதைத் தாண்டினால் தாண்டியது என்றே எழுத வேண்டும். முதலாளி முகம் சுளித்தாலும் எழுதும் துணிச்சல் இந்தப் படிப்புக்கு மதிப்பெண்ணைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, ஷிப்டும் வரும். பெண் பிள்ளையை ஆலைக்கு எப்படி அனுப்புவது என்று அவள் அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ஆய்வகம், சுற்றுச்சூழல் அனுமதி அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனம் என்று வேறு இடங்களும் இருக்கின்றன. ஆனாலும் ஆலைப் பக்கமே போகாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

எந்தப் படிப்பு? பட்டத்தின் பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். பி.இ. சிவில் அல்லது பி.டெக். கெமிக்கல் படித்து, முதுகலையில் சுற்றுச்சூழல் பொறியியல் எடுப்பது பாதுகாப்பான வழி. சந்தை மாறினாலும் அடிப்படைப் பட்டம் கை கொடுக்கும். அறிவியல்தான் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு அந்த வழியாகவும் விண்ணப்பிக்கலாம். காடு, மரம் என்றுதான் மனம் போகிறது என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தனி வழி, அதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும் முன், தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு மகளைக் கூட்டிப் போங்கள். அம்மாவும் வரட்டும். பார்த்துவிட்டு வந்து மகள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அதற்குப் பிறகு சேர்ந்து போடலாம்.