டிரேடிங் கார்டு தொகுப்பில் ஒரு பகுதியை மட்டும் விற்கலாமா?

இப்போது விளையாடுவதும் இல்லை, வைக்க இடமும் இல்லை, ஆனால் மொத்தமாக விற்க மனம் வரவில்லை என்கிறீர்கள். ஒரு பகுதியைத் தாராளமாக விற்கலாம். எந்தப் பகுதி என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன்.

சில வருடங்களுக்கு முன் பணம் தேவைப்பட்டது. என்னிடம் போக்கிமான், மேஜிக் என்ற இரண்டு கார்டு விளையாட்டுகளும் சேர்த்து மூவாயிரம் கார்டுக்கு மேல் இருந்தன. கொஞ்சம் குறைக்கலாம் என்று உட்கார்ந்தவன் முதலில் விற்றது 1999ஆம் ஆண்டு பேஸ் செட் என்ற போக்கிமான் வெளியீட்டின் சாரிசார்ட் கார்டை. ஏன் அதை? விற்பதற்கு அதுதான் சுலபம். படம் போட்ட அன்றே ஆள் வந்துவிட்டார். யாரும் கேட்காத சாதா கார்டுகள் எல்லாம் இன்றும் டப்பா டப்பாவாக அலமாரியில் கிடக்கின்றன. தலையை வெட்டிக் கொடுத்துவிட்டு உடம்பைக் கட்டிக்கொண்டு அழுகிற கதை. இடமும் மிச்சமாகவில்லை, ஆல்பத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தவிர!

அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். ஒன்றுக்கு மேல் இருப்பவை முதலில் போகும். அடுத்து, போட்டியில் ஆடுவதற்காக மட்டும் வாங்கியவை. புதிய போக்கிமான் கார்டுகளின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். அந்த எழுத்துள்ள கார்டுகள் ஸ்டாண்டர்ட் ஆட்டத்திலிருந்து, அதாவது அண்மைக் கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி முறையிலிருந்து, விலகும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். விலகியபின் பெரும்பாலானவற்றின் விலை இறங்கிவிடும் என்பதால் இவற்றில் மட்டும் நான் யோசித்துக்கொண்டிருப்பதில்லை.

மேஜிக் வைத்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 1995இல் க்ரானிக்கிள்ஸ் என்ற பெயரில் பழைய கார்டுகளை மறுபதிப்புச் செய்ததும் சேகரிப்பவர்கள் கொந்தளித்தார்கள். மறுவருடமே, இன்னின்ன கார்டுகளை இனி அச்சிட மாட்டோம் என்று நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. ரிசர்வ்ட் லிஸ்ட் என்பது அதுதான். அதில் இருப்பதை விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம், அவசரப்படாதீர்கள். அதில் இல்லாதது என்றைக்கு வேண்டுமானாலும் மறுபதிப்பாக வரலாம்.

விலைக்கு, கேட்கிற விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கடைக்காரர் அதைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார், அவரும் லாபம் வைத்து விற்க வேண்டுமே. கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் தரும் நிறுவனத்துக்குத் தரச் சான்றுக்கு அனுப்பலாமா என்று தோன்றினால், முதலில் கார்டைத் திருப்பி விளிம்பில் வெள்ளை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அது தேய்ந்த கார்டு, கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சந்தேகமான கார்டுகளை ஆல்பத்திலிருந்து எடுத்து ஒரு மாதம் வேறு டப்பாவில் போட்டு வையுங்கள். தேடிப் போய் எடுத்துப் பார்த்தால் அது விற்கிற கார்டு இல்லை. எனக்கு அப்போது இந்த யோசனை வரவில்லை. பேஸ் செட்டின் 102 கார்டில் சாரிசார்ட் நான்காம் எண். ஒன்பது கட்டப் பக்கத்தில் இரண்டாம் வரிசையின் முதல் கட்டம், ஆல்பத்தைத் திறந்ததும் கண் அங்கேதான் போகும். 2021இல் போக்கிமானின் 25ஆம் ஆண்டுக்காக வந்த செலிப்ரேஷன்ஸ் வெளியீட்டில் அதே சாரிசார்ட் மறுபடி வந்தபோது ஒன்று வாங்கி அங்கே செருகிப் பார்த்தேன். படத்தின் மேலேயே 25ஆம் ஆண்டு முத்திரை. ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.