காப்பகத்துக்குள் கலைஞருக்கு என்ன வேலை?

கேள்வி: நவீனத்துவக் காலத்து, அதாவது பழைய பாணியை உதறிவிட்டுக் கலையும் கட்டடமும் புதுவழி தேடிய காலத்து, ஆவணக் காப்பகங்களைக் குடைந்து புதிய படைப்பு செய்கிறோம் என்கிறார்கள் இன்றைய கலைஞர்கள் பலர். சொந்தமாக எதுவும் தோன்றாதவர்கள் செய்யும் வேலைதானே இது?

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. பழைய போஸ்டரில் இருந்த வட்டத்தையும் முக்கோணத்தையும் எடுத்து வேறு வண்ணம் அடித்து மாட்டிவிட்டு, 'காப்பகத்துடன் ஓர் உரையாடல்' என்று பக்கத்தில் அட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் கோஷ்கா மகுகா என்ற கலைஞர் 2009-ல் லண்டன் வைட்சாப்பல் கேலரியில் செய்ததைப் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றிப் பிக்காசோ வரைந்த 'குவெர்னிகா' 1939-ல் அதே கேலரிக்கு வந்திருந்தது. பார்க்க வந்தவர்கள், அந்தப் போரில் குடியரசுப் பக்கம் நின்ற போராளிகளுக்காகப் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறொருவர் என்றால் அந்தக் கண்காட்சியின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருப்பார். மகுகா பிடித்தது வேறு நூலை. குவெர்னிகாவுக்கு ஒரு நெசவுப் பிரதி உண்டு, ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் நியாயம் சொல்ல வந்தபோது அதை நீலத் துணியால் மூடினார்களே, அதேதான். அந்தப் பிரதியைக் கடன் வாங்கி வந்து, நீலத் திரையோடு சேர்த்துத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பெரிய வட்ட மேஜையைப் போட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய ஆவணங்களை வைத்தார். அப்புறம் யார் வேண்டுமானாலும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் நடத்தலாம் என்று சொல்லிவிட்டார். காசு கிடையாது, நடந்ததைப் பதிவு செய்து தர வேண்டும், அவ்வளவுதான். ஆக, காப்பகத்திலிருந்து எடுத்தவர் காப்பகத்துக்கே புதிதாகக் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். இதைத் தோன்றாதவர் செய்யும் வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: எல்லாம் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் கலைஞர் எதற்கு? ஆய்வாளர் போதாதா?

பதில்: பத்திரமாக இருக்கிறது என்று யார் சொன்னது? ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் இருந்த பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் கட்டடங்கள் என்றதும் நம் நினைவுக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் லூசியா மொஹோலி. நாஜிகள் வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு ஓடும்போது சுமார் 560 கண்ணாடி நெகட்டிவ்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவை பௌஹவுஸை நிறுவிய வால்டர் குரோப்பியஸ் கைக்குப் போயின. 1938-ல் நியூயார்க்கில் பௌஹவுஸ் கண்காட்சி நடந்தபோது அந்தப் படங்கள் பயன்பட்டன, எடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. பல வருடம் கடிதம் எழுதி, வக்கீல் வைத்து, 1957-ல் அவர் திரும்பப் பெற்றது 230 சொச்சம். மீதி? ஆய்வாளர் 'சுமார் 330 காணவில்லை' என்று அடிக்குறிப்பு எழுதலாம், அதுவும் தேவைதான். யான் டிச்சி என்ற கலைஞர் 2016-ல் அத்தனை வெற்றுக் கண்ணாடித் தகடுகளை வைத்து, அவற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். அடிக்குறிப்பில் படித்துவிட்டு நகரும் எண்ணிக்கையை, ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளரும் வேண்டும், இவரும் வேண்டும்.

கேள்வி: காப்பகம் வைத்திருப்பவர் கதவைத் திறக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது?

பதில்: ஜில் மேகிட் என்ற கலைஞர் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்! மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் 1988-ல் இறந்தார். அவருடைய தொழில்முறைக் காப்பகத்தை 1995-ல் விட்ரா நாற்காலி நிறுவனத்தின் தலைவர் வாங்கினார். அது ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஃபெடெரிக்கா சாங்கோவிடம் மேகிட் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு அவர், பர்ரகானின் குடும்பத்தாரைச் சம்மதிக்க வைத்து, அஸ்தியில் 525 கிராம் எடுத்து, அதை 2.02 காரட் வைரமாக்கி, மோதிரம் செய்து, 'இதை வைத்துக்கொள்ளுங்கள், காப்பகத்தை மெக்சிகோவுக்கு அனுப்புங்கள்' என்று 2016-ல் சாங்கோவிடமே நீட்டினார். காப்பகம் கைமாறவில்லை. எனக்கு இந்தப் படைப்பை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கொஞ்சம் பிசைகிறது. குடும்பம் ஒத்துக்கொண்டதெல்லாம் சரி, அஸ்தியாகக் கிடந்தவரை யாரும் கேட்கவில்லையே. ஆனாலும் ஒரு மனிதரின் வாழ்நாள் வேலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்ட இன்னொரு படைப்பு எனக்குத் தெரியாது.

கேள்வி: ஓவியம் படிக்கிறேன். எனக்கும் இப்படி ஒன்று செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: புகழ்பெற்ற படைப்புகள் உள்ள பெட்டியைக் கேட்காதீர்கள். ரசீது, நிராகரித்த கடிதம், போட்டோவின் பின்பக்கம் கிறுக்கியது, இவற்றைக் கேளுங்கள். கட்டடத்தின் உரிமை ஒருவரிடமும் அதன் போட்டோவின் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம், படியெடுக்கும் முன் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பரபரக்காமல் சும்மா புரட்டுங்கள். பல இடங்களில் பேனாவை உள்ளே விட மாட்டார்கள், பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள்.