அப்ரூவல் போய்ச் சேரவில்லையா? லைசென்ஸ் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொள்முதல் கோரிக்கைகள் அவரவர் மேலாளரின் ஒப்புதலுக்குத் தானாகப் போகும்படி மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட் மென்பொருளில் ஒரு ஃப்ளோ (தானாக ஓடும் படிகளின் தொடர்) போட்டுக் கொடுத்தார்கள். பலருக்கு ஒழுங்காகப் போகிறது. சிலர் அனுப்பினால் மட்டும் ஃபெயில் ஆகிறது. எல்லோருக்கும் பிரீமியம் லைசென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் வெண்டர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒப்புதல் கேட்கும் அப்ரூவல்ஸ் என்பது ஸ்டாண்டர்ட் கனெக்டர், அதாவது பிரீமியம் லைசென்ஸ் கேட்காத இணைப்பு. லைசென்ஸ்தான் குறை என்றால் மற்றவர்களுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது என்று அவரிடமே கேளுங்கள். இப்படிச் சிலருக்கு மட்டும் நின்றால், கோளாறு பெரும்பாலும் அந்தச் சிலரின் விவரங்களில்தான் இருக்கும்.

ரன் ஹிஸ்டரியில், அதாவது ஃப்ளோ ஓடிய வரலாற்றில், ஃபெயிலான ஓட்டத்தைத் திறந்து எந்தப் படியில் சிவப்பு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மேலாளரைத் தேடும் 'கெட் மேனேஜர்' படியில் என்றால், பெரும்பாலும் கோரிக்கை அனுப்பியவரின் கணக்கில் மேலாளர் யார் என்றே பதிவாகியிருக்காது. மைக்ரோசாப்ட் 365 அட்மின் சென்டரில் அந்த ஊழியரைத் திறந்து மேனேஜர் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு வெண்டர்? ஆள் சேரும்போது பஞ்ச் கார்டு முதல் பி.எஃப். எண் வரை எல்லாம் போடுவார்கள், இந்த ஒரு பெட்டியை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

சிவப்பு அப்ரூவல் படியிலேயே என்றால், ஒப்புதல் தருபவரின் முகவரி போகும் 'அசைன்ட் டூ' பெட்டிக்குள் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் முகவரியாக இருக்கலாம். இரண்டு பேருக்கு நடுவே அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்திருக்கலாம். ஷேர்பாயின்ட் (மைக்ரோசாப்டின் அலுவலகத் தகவல் தளம்) பட்டியலிலிருந்து ஆளை எடுத்தால் 'ஈமெயில்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் 'கிளெய்ம்ஸ்' என்பதை எடுத்தால், 'மெம்பர்ஷிப்' என்ற சொல்லும் செங்குத்துக் கோடுகளும் முன்னால் ஒட்டிய நீண்ட சரம் ஒன்று வரும். அது யார் என்று அப்ரூவலுக்குத் தெரியாது. 'செல்லுபடியாகும் பயனர் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு முழ நீளப் பிழைச் செய்தி வருமே, அதன் அர்த்தம் இவ்வளவுதான். இதை எளிய சொற்களில் எழுத ஏன் இவர்களுக்கு மனம் வரவில்லையோ!

ஒரு விதிவிலக்கு உண்டு. எம்.டி.யே கோரிக்கை போட்டால்? அவருக்கு மேலாளர் கிடையாது, 'கெட் மேனேஜர்' ஃபெயிலாகத்தான் செய்யும். இதற்கு வெண்டர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள்: அந்தப் படி தோற்றால் எம்.டி.க்கே அனுப்பு என்று 'ரன் ஆஃப்டர்' அமைப்பில் போட்டுவிடுவார்கள். சிவப்பு மறைந்துவிடும், ஆனால் எம்.டி. தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தருவார். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைவிட மோசம், மேனேஜர் பெட்டி காலியாக உள்ள ஒவ்வொரு ஊழியரின் கோரிக்கையும் சத்தமில்லாமல் எம்.டி.யிடம் போய்க் குவியும். கோளாறு இருப்பதே உங்களுக்குத் தெரியாது. எனவே 'கெட் மேனேஜர்' படிக்கு முன்னாலேயே ஒரு கண்டிஷன் வையுங்கள்: அனுப்பியவர் எம்.டி. என்றால் நிதிப் பொறுப்பில் உள்ள இயக்குநருக்கு, மற்றவர் என்றால் வழக்கமான பாதை. மற்றவர்களுக்குத் தோற்றால் தோற்கட்டும், அப்போதுதான் யாருடைய விவரம் விட்டுப்போனது என்று தெரியும்.

அப்புறம், அந்த ஃப்ளோவும், அது மற்றச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் கனெக்‌ஷனும் யாருடைய கணக்கில் இருக்கின்றன? கனெக்‌ஷன் வெண்டரின் ஆள் பெயரில் இருந்தால், அந்தக் கணக்கை மூடும் அன்று எல்லோருக்குமே நின்றுவிடும். பிறகு பழுது பார்க்க அவரே தனி பில் போடுவார். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஃப்ளோவையும் கனெக்‌ஷன்களையும் உங்கள் நிறுவனத்தின் பொதுக் கணக்குக்கு மாற்றி வாங்குங்கள்.

சரிசெய்த பிறகு, தோற்ற கோரிக்கைகளை ஊழியர்கள் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை. ரன் ஹிஸ்டரியில் 'ரீசப்மிட்' கொடுத்தால் போதும். ஆனால் அந்த வரலாறு 28 நாட்களுக்குத்தான் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். படிவத்திலேயே ஆள் பெயர் காலியாகப் போனவற்றுக்கு ரீசப்மிட் உதவாது, அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும்.