கேத்தி படம் புரியாதது உங்கள் தப்பில்லை

நண்பரே, 1977-இல் வந்த 'கேத்திஸ் கர்ஸ்' என்ற பேய்ப் படத்தைப் பாதிவரை பார்த்தேன், கதை தாவித் தாவி ஓடுகிறது, முகமே தெரியாத இருட்டு, மீதியைப் பார்ப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக் குற்றம் பிரதியின் மேல்தான். இணையத்தில் சுற்றுவது பெரும்பாலும் தேய்ந்த பிரிண்ட், அதுவும் அமெரிக்காவுக்காக வெட்டியது. பழைய படங்களை வெளியிடும் செவரின் நிறுவனத்தின் ப்ளூரே வட்டில் இயக்குநர் எடி மத்தலோனின் முழுப் பதிப்பு பளிச்சென்று இருக்கிறது.

ஆனால் அதிலும் பயம் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். முயல் குறுக்கே ஓடி, கார் கவிழ்ந்து, சின்ன வயதிலேயே எரிந்து செத்த அத்தையின் ஆவி, பரணில் கிடந்த பொம்மை வழியாக, சகோதரனின் மகளான சிறுமி கேத்திமேல் ஏறுகிறது. சரி, நல்ல தொடக்கம்தான். அப்புறம் அந்த ஆவியால் எது முடியும், எது முடியாது என்று ஒரு கணக்கும் இல்லை, காட்சிக்குக் காட்சி புது வித்தை. 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமி ரீகன் படிப்படியாக மாறுவாள், டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கைவிரிப்பார்கள், அதனால்தான் வயிற்றைக் கலக்கியது. இங்கே கேத்தி சாப்பாட்டு நேரத்துக்குள் சாதுவாகவும் பேயாகவும் மாறிவிடுகிறாள்.

தனியாகப் பயப்பட உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். சிரிக்க நாலு பேர் கூட இருந்தால், ஆவியோடு பேசும் கிழவியைக் கேத்தி கெட்ட வார்த்தையில் வெளுத்து வாங்கும் இடத்தையாவது தவறவிடாதீர்கள்.