கூரைக்குள் குடியிருப்பது எலியா, பொஸமா?

ஊரில் ஓட்டின் மேல் மரநாய் ஓடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ வந்த பிறகும், தலைக்கு மேல் சத்தம் கேட்டால் மனம் ஊர்க் கணக்கைத்தான் போடுகிறது: சின்னதாக இருந்தால் எலி, பெரிதாக இருந்தால் பெருச்சாளி. வயிற்றில் பையோடு மரமேறித் திரியும் இந்த ஊர் விலங்கான பொஸம் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

டூங்காபியிலிருந்து: இரவானால் சீலிங்குக்கு மேலே ஒரே சத்தம். எலி மருந்து வாங்கிப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது, சத்தம் குறையவே இல்லை. மருந்து போலியா?

மருந்து நல்ல மருந்தாகத்தான் இருக்கும். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. இன்றிரவு டிவியை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கூரையேறும் கருப்பு எலி கால் கிலோவைத் தாண்டுவது அரிது. அதன் ஓட்டம் சரசரவென்று இருக்கும். நடுநடுவே மரத்தைக் கொறிக்கும் சத்தமும் சுவருக்குள் சுரண்டலும் கேட்கும். வீட்டுக் கூரைக்குள் புகும் பொஸம் பெரும்பாலும் பிரஷ்டெய்ல் வகை. எடை 1.2 முதல் 4.5 கிலோ வரை. அது நடந்தால், இல்லாத மாடியில் யாரோ உலாவுவது போலத் தொம் தொம் என்று கேட்கும்.

நேரமும் காட்டிக்கொடுக்கும். பொஸம் பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் இரைக்குக் கிளம்பி, விடிவதற்கு முன் திரும்பும். ஆகவே அந்தியில் ஒரு ஆரவாரம், விடியற்காலையில் ஒரு ஆரவாரம். எலிக்கு அப்படி ஆபீஸ் நேரம் கிடையாது. காறிக்கொண்டே உறுமுவது போல ஒரு குரலும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். முதல் தடவை அதைக் கேட்டபோது பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் என்று நினைத்து நான் கதவைத் தட்டப் போய்விட்டேன்.

மருந்தை இன்றே கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் எலி மருந்துகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதற்குள் ஆந்தை அதைப் பிடித்துத் தின்றால் விஷம் ஆந்தைக்கும் போகும். பொஸம் தின்றாலோ, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்கு. கொல்வது குற்றம்.

பெண்டில் ஹில்லிலிருந்து: ஏணி வைத்து மேலே எட்டிப் பார்த்தேன். விலங்கு எதுவும் தெரியவில்லை, புழுக்கைதான் கிடக்கிறது. அதை வைத்துச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். கருப்பு எலியின் புழுக்கை சுமார் 12 மில்லிமீட்டர், இரு முனையும் கூர்ந்திருக்கும், அது ஓடும் வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். பிரஷ்டெய்லுடையது அதைவிடப் பெரிது, தடிமனும் அதிகம். குச்சியால் உடைத்தால் உள்ளே இலை நார் தெரியும். சீலிங்கில் பழுப்புத் திட்டு படர்ந்து நெடி அடித்தால் பொஸத்தின் மூத்திரமாக இருக்கலாம். ஓடு உடைந்து மழைநீர் இறங்கியதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மின்வயரின் பிளாஸ்டிக் உறை கடிபட்டிருந்தால் எலி மேல்தான் என் சந்தேகம். அதைத் தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. புழுக்கையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மாஸ்க் போட்டு, நனைத்து, அள்ளுங்கள்.

டான்டினாங்கிலிருந்து: வேலி மேல் நடந்து போனதைப் போட்டோ எடுத்தேன். வால் நுனி மட்டும் வெள்ளை. இவ்வளவு பெரிய எலியா?

அது ரிங்டெய்ல் பொஸம். ஒரு கிலோ அளவுதான் இருக்கும். வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும், காது சின்னதாக வட்டமாக இருக்கும். பிரஷ்டெய்லுக்குக் காது நீளம், வால் புசுபுசுவென்று கறுப்பாக இருக்கும். எலி வாலோ செதில் செதிலாக, மொட்டையாகத் தெரியும். ரிங்டெய்ல் பெரும்பாலும் மரப்பட்டையும் சுள்ளியும் சேர்த்துப் புதருக்குள் பந்து போலக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தப் புதரை வெட்டுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பாருங்கள்.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து: தொட்டியில் வைத்துப் பிள்ளை போல வளர்த்த கறிவேப்பிலையின் கொழுந்தெல்லாம் போய்விட்டது. எலியா, பொஸமா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம்! இலையின் அடியிலும் மேலும் பாருங்கள். பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து, தொட்டதும் அசைந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சையைத் தின்னும் அதே புழு, அதே குடும்பமான கறிவேப்பிலையையும் விடாது. புழு எதுவும் இல்லாமல், ஒரே இரவில் கொழுந்தோடு இளந்தண்டும் ஒடிந்து கிடந்தால் பொஸம். பக்கத்து ரோஜாவும் மொட்டையாகியிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி. எலி இலையைவிடப் பழத்தையும் விதையையும்தான் தேடி வரும்.

ஒரே தொட்டி என்றால் இரவில் வலை போட்டு மூடுங்கள். கண் சிறிய வலையாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் வௌவாலும் பாம்பும் சிக்கிக்கொள்ளும்.

ஹார்ன்ஸ்பியிலிருந்து: புல்வெளி முழுக்கக் கூம்பு கூம்பாகக் குழி. கேட்டால் பாண்டிகூட் என்கிறார்கள். பெருச்சாளிக்குப் பொறி வைக்கலாமா?

வைக்காதீர்கள். பெயர்தான் குழப்பம். தெலுங்கில் பெருச்சாளிக்குப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி என்று பெயர். அது ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆகி, வெள்ளைக்காரரோடு கப்பலேறி வந்து, மூக்கு நீண்ட இந்த ஊர் விலங்கின் தலையில் ஏறிக்கொண்டது. இதற்கு வயிற்றில் பை உண்டு. எலி இனத்தோடு உறவே இல்லை. மூக்கை நுழைத்து மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தின்கிறது. புல் நாசமாகிறது என்ற வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் புழுவும் உங்கள் புல்லின் வேரைத்தான் தின்றுகொண்டிருந்தது.

வென்ட்வொர்த்வில்லிலிருந்து: பொஸத்தைக் கூண்டில் பிடித்து, தூரத்துப் பூங்காவில் விட்டுவிட்டால் என்ன?

சட்டம் விடாது. நியூ சவுத் வேல்ஸில் பிடிப்பதற்கே அனுமதி வேண்டும். பிடித்தாலும் பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள், அன்றே பொழுது சாய்ந்ததும் விட வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் 50 மீட்டர். தெரியாத இடத்தில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பொஸங்கள் அதை விரட்டும், ஒளிய இடமும் கிடைக்காது. உங்கள் கூரையில் காலியான இடத்துக்கும் அடுத்த பொஸம் வந்துவிடும்.

செய்ய வேண்டியது ஓட்டையை அடைப்பதுதான். எல்லா ஓட்டைகளையும் அடைத்து, ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். அந்தியில் அது வெளியே போனதைக் கண்ணால் பார்த்த பிறகு அதையும் அடையுங்கள். குட்டி உள்ளே தங்கியிருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் அடைக்கவே கூடாது. இலையுதிர் காலத்தில் பிறந்த குட்டி, பையை விட்டு வெளிவந்தும் சில வாரம் தாயோடுதான் இருக்கும். மரத்தில் ஒரு பெட்டி கட்டி வைத்தால் அதற்கும் வீடு, உங்களுக்கும் தூக்கம். கூரையை உரசும் கிளையை வெட்டிவிடுங்கள். எலிக்கு இந்த அடைப்பு போதாது. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் உடம்பை நெளித்து நுழைந்துவிடும். அங்கே கம்பி வலை வேண்டும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து: நீங்கள் பொஸத்தைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். இங்கே என்னவோ கொல்லச் சொல்கிறார்களே?

ஒரே பிரஷ்டெய்ல்தான், கடல் தாண்டியதும் ஜாதகம் மாறிவிட்டது. ரோமத்துக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து உங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதைத் தின்னும் விலங்கு இல்லை. காட்டு மரங்களை மொட்டையடித்தது, பறவை முட்டையையும் குஞ்சையும் தின்றது, மாட்டுக்குக் காசநோயைப் பரப்பியது. 2050க்குள் எலி, கீரி போன்ற ஸ்டோட், பொஸம் எல்லாவற்றையும் ஒழிப்பது என்று 2016இல் நியூசிலாந்து அரசு அறிவித்தது. ஆகவே உங்கள் கூரையில் இருப்பது எலியோ பொஸமோ, பொறி வைக்கத் தடையில்லை. ரோமம் இப்போதும் விலை போகிறது: அடுத்த முறை கடையில் மெரினோ ஸ்வெட்டர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், பொஸம் ரோமம் கலந்தவையும் உண்டு.