தேரைக்குஞ்சு அல்ல

அன்பின் அண்ணா,

கன்னியாப் பக்கம் எங்கள் காணிக்குப் பின்னால் பாலையும் வீரையும் நிற்கிற சிறுகாடு இருக்கிறது. போன கிழமை மழை விட்ட பிறகு சருகுக்குள் ஒரு குட்டித் தவளையைக் கண்டேன். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மண்ணிறம். முதுகில் உடுக்கை மாதிரி ஒரு கருத்த அடையாளம். வீட்டில் தேரைக்குஞ்சு என்கிறார்கள். எனக்கோ இது இதுவரை ஒருவரும் காணாத காட்டுத் தவளையோ என்று ஒரு நப்பாசை. படம் அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகர், திருகோணமலை

அன்பின் தம்பிக்கு,

தேரைக்குஞ்சு இல்லை. நானும் முதல் இரண்டு மாரிக்கு அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆகவே வீட்டாரைக் குறை சொல்லமாட்டேன். தேரைக்குஞ்சுக்கு முகம் மொண்ணை, தோல் சொரசொரப்பு. உங்கள் படத்தில் இருப்பதற்குத் தலை சிறுத்து மூக்கு கூர்ந்திருக்கிறது. இடுப்புப் பக்கம் அகன்று, மேலிருந்து பார்த்தால் முக்கோணம். செவிப்பறை வெளியே தெரியவில்லை. கண்களுக்கு நடுவில் தொடங்கி, ஒடுங்கி, தோளில் விரிந்து, மறுபடி ஒடுங்கித் தொடைப்பக்கம் பிரிந்துபோகிற அந்த உடுக்கையையும் சேர்த்துப் பார்த்தால் மைக்ரோஹைலா ஓர்னாட்டா என்றே சொல்வேன். வாய் ஒடுங்கிய தவளைக் குடும்பம். எறும்பும் கறையானும் தின்பதற்கு அந்த வாய் போதும்.

அப்படியானால் புதிது இல்லை. 1841இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் நப்பாசையைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நம் வீதியால் அநுராதபுரம் போகும்போது மிகிந்தலை வருகிறதல்லவா, அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு தவளை உண்டு: மைக்ரோஹைலா மிகிந்தலேய். இதன் நெருங்கிய உறவு. உலர் வலயத் தாழ்நிலத்தில் பரவலாக இருப்பது. அதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தியாவின் செந்தவளை என்றே எழுதிவந்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு என்று 2016இல்தான் தனிப்பெயர் கொடுத்தார்கள். மழைக்காட்டு மலையில் ஒளிந்திருந்த தவளையா அது? எல்லாருடைய காலடியிலும் கிடந்தது.

அதனால்தான் உங்கள் படத்தில் எனக்கு ஒரு மனக்குறை. முதுகை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். முதுகு நிறம் மண்ணுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும். நம்ப வேண்டியது பாதத்தை. மிகிந்தலைத் தவளைக்குப் பின்னங்காலடியில் மண்வெட்டி முனைபோல இரண்டு புடைப்புகள் இருக்கும், மண் தோண்டுவதற்கு. விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் கதையே வேறு: அது செடித்தவளைக் குஞ்சாக இருக்கலாம். அந்த இனங்களில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளைதான் வரும். அடுத்தமுறை ஈரமான கண்ணாடிப் போத்தலில் ஒரு நிமிடம் விட்டு, அடிப்பக்கத்தைப் படமெடுத்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நுளம்புக்குப் பூசிய கிறீமோடு தொடவேண்டாம். அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும்.

“காட்டுத் தவளை” என்றீர்கள். காட்டில் இருக்கிறது, உண்மை. ஆனால் வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் இருக்கும். பாலைச் சருகு அதற்குக் கோடையில் ஈரம் காத்துக் கொடுக்கும் போர்வை, கறையான் கிடைக்கும் சாப்பாட்டுக்கடையும் கூட. முட்டையிட மட்டும் காடு போதாது, தேங்கிய நீர் வேண்டும். அதுவும் குளம் அல்ல, குளத்தில் மீன் உண்டு. மாரியில் தேங்கி மாரியோடு வற்றும் பள்ளம், உழவு இயந்திரத்தின் சில்லுத்தடம், யானை மிதித்த குழி, இவைதான் அதற்கு வசதி. குனிந்து பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணாடித் துண்டுபோலச் சில அசையாமல் மிதக்கும்; கண் இரண்டும்தான் முதலில் தெரியும். அவை இதன் தலைப்பிரட்டைகள். மற்றத் தலைப்பிரட்டைகளைப் போலப் பாசியைச் சுரண்டாது, நீரை வடித்தே வயிறு நிரப்பும். காணியின் பள்ளங்களை மண் போட்டு நிரவும் எண்ணம் இருந்தால் தைக்குப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, சத்தம். சீப்பின் பல்லை நகத்தால் இழுத்த மாதிரி, உடம்புக்குப் பொருந்தாத உரப்பில் கத்தும். மழை விட்ட இரவில் கேட்கும். உங்கள் பக்கம் யானை வருமென்றால் டோர்ச்சும் கையுமாகத் தனியே காட்டுக்குள் இறங்கவேண்டாம். பின்வாசலில் நின்று போனில் பதிந்து அனுப்புங்கள், அது போதும்.