மகளின் படிப்பும் புல்லட் ரயிலும்: ஜோலார்பேட்டையிலிருந்து எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு ஆண்டுகளாகத் தண்டவாளப் பராமரிப்பில் வெயிலிலும் மழையிலும் நின்றவர் நீங்கள். மகள் சிவில் என்ஜினீயரிங் படித்து, மும்பை - ஆமதாபாத் புல்லட் ரயில் போன்ற திட்டத்தில் வேலை பார்க்க விரும்புகிறார். முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாத நாட்டில் அது வீண் செலவு, திட்டம் நின்றுபோனால் பிள்ளையும் நடுவழியில் நிற்பாள் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த ரயில் நாட்டுக்குத் தேவையா என்பது ஒரு கேள்வி. அதை நம்பிப் படிக்கலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வியில் உங்கள் கோபம் நியாயமானது. 508 கிலோமீட்டர் தடத்துக்குத் தொடக்க மதிப்பீடே சுமார் 1,08,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு இருநூறு கோடிக்கு மேல். 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது 2022, 2023 என்று பேசினார்கள். மகாராஷ்டிரத்தில் நிலம் கையகப்படுத்துவது இழுத்தடித்ததில் அந்தக் கெடு கடந்துபோனது. செலவில் 81 சதவீதத்துக்கு ஜப்பான் கடன் தருகிறது, வட்டி 0.1 சதவீதம், தவணைக்காலம் 50 ஆண்டுகள். கேட்க இனிப்பாக இருந்தாலும், கடன் யென்னில் என்பதால் நாணய மதிப்பு மாறினால் சுமையும் மாறும். உங்கள் ஊருக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சென்னை - பெங்களூரு - மைசூரு இடையே திட்டமிடப்பட்ட சுமார் 435 கிலோமீட்டர் அதிவேகத் தடம் சித்தூர், கோலார் பக்கமாகப் போகிறது. ஜோலார்பேட்டைக்கு அதில் இடமில்லை.

ஆனாலும் மகள் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் சந்திப்பில் சரக்கு ரயில் லூப் லைனில் ஒதுங்கி நிற்க, சதாப்தியும் வந்தே பாரத்தும் கடந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வேகமான வண்டியும் மெதுவான வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடும்வரை ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத்தான் வேண்டும். ஜப்பான் டோக்கியோ - ஒசாகா இடையே தனித் தடம் போட்டதற்குக் காரணம் வெறும் வேக ஆசை அல்ல; பழைய டோகைடோ பாதையில் நெரிசல் தாங்கவில்லை. வேக வண்டிகள் தனிப் பாதைக்குப் போனால், பழைய பாதையில் சரக்குக்கும் சாதாரணப் பயணிகளுக்கும் இடம் கிடைக்கும். முன்பதிவில்லாப் பெட்டிக்காரர்களுக்கு அந்த இடத்தை உண்மையிலேயே கொடுப்பார்களா என்பது அரசின் மனதைப் பொறுத்தது. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அந்த ஜப்பானியத் திட்டத்தின் செலவும் போட்ட கணக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடியோ ஷிமாவும் 1963இல் பதவி விலகினார்கள். மறு ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியபோது அவர்கள் பொறுப்பில் இல்லை. இன்று அந்தத் தடத்தை வீண் என்று சொல்பவர் அங்கே அரிது. தைவானின் கதை வேறு மாதிரி. 2007இல் திறந்த தடத்தில், கணித்த அளவுக்குப் பயணிகள் வரவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. 2015இல் நிறுவனத்தின் நிதியைச் சீரமைக்க அரசு தலையிட வேண்டியிருந்தது. ஆனால் ரயில் நன்றாக ஓடியது. தைபே - காவோசியுங் விமானங்களே நின்றுபோயின.

என் கருத்தைக் கேட்டீர்கள். சென்னை - பெங்களூரு போல முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தொலைவில் இரண்டு பெருநகரங்கள் இருந்து, நிலையமும் நகரத்துக்குள்ளேயே அமைந்தால் அதிவேக ரயில் பயன்தரும் என்று நம்புகிறேன். விமானத்துக்கு முன்னும் பின்னும் செலவாகும் நேரத்தை ரயில் அங்கே வென்றுவிடும். நிலையத்தை ஊருக்கு வெளியே வயல்வெளியில் வைத்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இருக்கிற பாதைகளின் பராமரிப்புப் பணத்தை எடுத்து இதைக் கட்டினால் நானும் எதிர்ப்பேன். நீங்கள் செய்துவரும் வேலையில் கைவைத்துவிட்டு எந்த வேகமும் வேண்டாம்.

இப்போது மகளின் படிப்பு. உங்கள் கடிதத்தோடு ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரத் தாளையும் அனுப்பியிருந்தீர்கள்: "அதிவேக ரயில் பொறியியல்", ஓராண்டுச் சான்றிதழ், வேலை உறுதி. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு திட்டத்தின் பெயரை ஒட்டிய படிப்பு, அந்தத் திட்டம் தாமதமானால் மதிப்பிழக்கும். பதினேழு வயதில் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும், ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடக்கூடாது.

நான்காண்டு சிவில் பட்டத்தின் நிலை அப்படி அல்ல. குஜராத்தில் புல்லட் ரயில் தடத்தின் பெரும்பகுதி தரையிலேயே இல்லை. தூண்கள் மேல் போகும் பாலம். மும்பைப் பக்கம் 21 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 7 கிலோமீட்டர் தாணே கடல்கழிக்கு அடியில். மண்ணியல், அடித்தளம், கான்கிரீட், சுரங்கம் என்று அங்கே தேவைப்படும் அறிவுதான் சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கும், டெல்லி - மீரட் விரைவுத் தடத்துக்கும், துறைமுகத்துக்கும், நெடுஞ்சாலைப் பாலத்துக்கும் தேவைப்படுகிறது. புல்லட் ரயில் பத்தாண்டு தள்ளிப்போனாலும் உங்கள் மகள் சும்மா இருக்க மாட்டார்.

உங்களுக்கு மட்டும் புரியும் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் புல்லட் ரயில் தடத்தில் ஜல்லி கிடையாது. கான்கிரீட் பலகைகளின் மேல் தண்டவாளம். அதைப் போட நம் பொறியாளர்களுக்கு ஜப்பானிய வல்லுநர்கள் பயிற்சி கொடுத்தார்கள். மெட்ரோவிலும் ஜல்லியில்லாப் பாதைதான். ஜல்லியை இறுக்கி, மட்டம் பார்த்து, வெயிலில் தண்டவாளம் நெளியாமல் காத்த உங்கள் கைக்குத் தெரிந்ததை மகள் முதலில் கற்கட்டும். பாதை ஏன் கெடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் கெடாத பாதை ஏன் அவ்வளவு செலவு வைக்கிறது என்பது புரியும். கல்லூரியில் இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

கல்லூரி விஷயத்தில், கலந்தாய்வில் ஊர்ப் பெயரைவிட ஆய்வகத்தையும் ஆசிரியர்களையும் பாருங்கள். மகள் ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால், வடோதராவில் உள்ள கதிசக்தி விஸ்வவித்யாலயாவையும் பார்க்கலாம்; ரயில், போக்குவரத்துத் துறைகளுக்கென்றே நடக்கும் மத்தியப் பல்கலைக்கழகம் அது. எழுதவில்லை என்றால் கவலை வேண்டாம். இங்கேயே சிவில் முடித்து, கேட் தேர்வு எழுதி, மேற்படிப்பில் போக்குவரத்துப் பொறியியலோ மண்ணியலோ எடுத்தால் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

அரசு வேலைதான் வேண்டும் என்று நீங்கள் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். ரயில்வே தேர்வு வாரியத்தின் ஜூனியர் என்ஜினீயர் தேர்வு, யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு இரண்டும் இருக்கின்றன. ஆனால் ரயில்வே அதிகாரிகளை எந்தத் தேர்வின் வழியாக எடுப்பது என்பதே அண்மை ஆண்டுகளில் மாறி மாறி வந்திருக்கிறது. அதனால் ஒரே தேர்வை நம்பிப் பல ஆண்டுகள் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பெரிய திட்டங்களின் கட்டுமான வேலையில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கிறது. தொடக்கத்தில் சம்பளம் நடுத்தரமாகத்தான் இருக்கும், தங்குமிடம் வேலைத்தளத்துக்குப் பக்கத்தில், மொழி தெரியாத ஊரில். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவருடைய அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தங்குமிடம், பாதுகாப்பு, அங்கே வேறு பெண் பொறியாளர்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் நேராகக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள், கேட்காமலே மறுத்துவிடாதீர்கள்.

கலந்தாய்வுக்கு முன்னால், உங்கள் பகுதியில் பொதுமக்களுக்கு அனுமதி உள்ள நடைமேடையோ மேம்பாலமோ எதுவானாலும், ஒரு மாலை மகளை அழைத்துப்போய் பாதையைக் காட்டுங்கள். எங்கே ஜல்லி அடிக்கடி அமுங்குகிறது, மழைக்காலத்தில் எந்த இடத்தில் நீங்கள் தூங்காமல் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் கட் ஆஃப் மதிப்பெண்ணோடு எனக்கு எழுதுங்கள். கல்லூரிகளின் வரிசையை மூவரும் சேர்ந்து போடலாம்.